மாடர்ன் வார்ஃபேரின் மூன்றாம் உலகப்போர்: ரஷ்யப் படை ஒரே நாளில் வர்ஜீனியாவில் இறங்கியது எப்படி?

வெட்டவெளி (கேள்வி)

கால் ஆஃப் டூட்டி வீடியோ கேமின் பழைய மாடர்ன் வார்ஃபேர் வரிசையில் (2007, 2009, 2011) வரும் உலகப்போரை மாதிரியாக வைத்து ஆர்மா 3 என்ற ராணுவ கேமில் எட்டு மிஷன் கொண்ட கேம்பெய்ன் ஒன்று தயாராகிறது. பெயர்களும் கதையும் சொந்தம். போர் மூளும் விதம் மட்டும் அந்த வரிசையை ஒட்டியது. மூன்று இடத்தில் முட்டுகிறது.

மாஸ்கோ விமான நிலையத்தில் படுகொலை நடக்கும் ‘நோ ரஷ்யன்’ மிஷனின் தேதி 2016 ஆகஸ்ட் 12. ‘வுல்வரின்ஸ்’ மிஷனில் வர்ஜீனியா புறநகரில் ரஷ்யப் படை பாராசூட்டில் இறங்குவது மறுநாளே, 13-இல். இதற்குக் கதைக்குள் விளக்கம் உண்டா? நிஜத்தில் எவ்வளவு நாள் பிடிக்கும்?

அடுத்து, வாஷிங்டன் மேல் அணு ஏவுகணை வெடித்து எல்லா மின்கருவியும் சாகும் காட்சி. அதில் எவ்வளவு உண்மை?

கடைசியாக, இவ்வளவு பெரிய போரில் இரு தரப்பும் ஏன் அணுகுண்டு போட்டுக்கொள்ளவில்லை? இதற்குப் பதில் இல்லாமல் எழுதினால் முதல் ஐந்து நிமிடத்திலேயே ஆடுபவர் கேட்டுவிடுவார்.

ஸ்பாய்லர் பற்றிக் கவலை வேண்டாம்.

---

பழையபாசறை

முதலில் ஒரு எச்சரிக்கை. 2019-இல் தொடங்கிய புதிய வரிசையும் இதே பெயரில்தான் இருக்கிறது. ப்ரைஸ், சோப், கோஸ்ட் என்ற நாயகர்களும் வில்லன் மகரோவும் அங்கேயும் உண்டு, ஆனால் உலகம் வேறு. உர்ஜிக்ஸ்தான் என்ற கற்பனை நாடு தலைகாட்டினால் அது புதிய வரிசை. அதில் அமெரிக்க மண்ணில் ரஷ்யப் படையெடுப்பே கிடையாது. பெட்டியைப் பார்த்தும் பிரிக்கலாம்: 2011 பாகத்தில் 3 என்று சாதாரண எண், 2023 பாகத்தில் ரோமன் எண். ஆடிப் பார்க்க வேண்டுமென்றால் முதல் பாகத்துக்கு 2016 ரீமாஸ்டர், இரண்டாவதற்கு 2020-இல் வந்த ரீமாஸ்டர் (கேம்பெய்ன் மட்டும்). மூன்றாவதற்கு ரீமாஸ்டர் வரவில்லை, 2011-இன் மூலமேதான்.

போர் மூளும் சங்கிலி இப்படிப் போகிறது. 2011-இல் ரஷ்யாவில் உள்நாட்டுப் போர். தீவிரத் தேசியவாதிகளின் தலைவர் இம்ரான் ஜகாயேவ். அமெரிக்காவின் கவனத்தைத் திருப்ப, பெயர் சொல்லப்படாத ஒரு மத்திய கிழக்கு நாட்டில் அல்-அசாத் என்பவரை வைத்து ஆட்சிக் கவிழ்ப்பு. அங்கே போன அமெரிக்கப் படையில் 30,000 பேர் ஓர் அணுகுண்டில் சாகிறார்கள். முதல் பாக முடிவில் சோப்பின் கையால் ஜகாயேவ் சாகிறார்; ஆனால் அவருடைய கட்சி சாகவில்லை. ஐந்து ஆண்டு கழித்து ஆட்சி அவர்கள் கையில், விமான நிலையத்துக்கே ஜகாயேவ் பெயர். எழுதுபவர் கவனிக்க வேண்டிய இடம் இது: ஆடுபவர் ஜெயித்த மிஷன்தான் அடுத்த போருக்குத் தியாகியைத் தயார்செய்கிறது.

அந்த 30,000 பேரும் அமெரிக்க ஜெனரல் ஷெப்பர்டின் பொறுப்பில் இருந்தவர்கள். அவர் ஜோசப் ஆலன் என்ற சிப்பாயை மகரோவின் கும்பலுக்குள் உளவாளியாக அனுப்புகிறார். மகரோவுக்கு விஷயம் தெரியும். விமான நிலையத்தில் கொலைகள் முடிந்ததும் ஆலனைச் சுட்டு உடலை அங்கேயே போட்டுவிட்டுப் போகிறான். அமெரிக்கன் செய்த படுகொலை என்று ரஷ்யா போரில் இறங்குகிறது.

உங்கள் முதல் கேள்விக்குக் கதைக்குள் இருப்பது பாதி விளக்கம்தான். ‘க்ளிஃப்ஹேங்கர்’ மிஷனில் தியான் ஷான் மலையில் உள்ள ரஷ்யத் தளத்திலிருந்து ஒரு கருவியை மீட்கிறோம் அல்லவா, விழுந்துபோன அமெரிக்கச் செயற்கைக்கோளின் ஏசிஎஸ் மாட்யூல்? நாம் மீட்பதற்குள் ரஷ்யர்கள் அதன் ரகசியத்தை எடுத்துவிட்டார்கள். அதனால் வட அமெரிக்காவின் வான்காவல் அமைப்பான நோராட்டின் கண் கட்டப்படுகிறது. அதாவது ‘ஏன் யாரும் பார்க்கவில்லை’ என்பதற்குப் பதில் இருக்கிறது. ‘எப்படி அவ்வளவு சீக்கிரம் வந்தார்கள்’ என்பதற்கு இல்லை. கூர்ந்து பார்த்தால், படை ஏற்கெனவே கிளம்பியிருந்தது, படுகொலை வெறும் சாக்கு என்றுதான் பொருள் கொள்ள வேண்டும். கேம் அதை வாய்திறந்து சொல்வதில்லை.

மூன்றாம் பாகம் நியூயார்க்கில் தொடங்குகிறது. பங்குச் சந்தைக் கட்டடத்தின் மேலிருக்கும் ஜாமரை (தகவல்தொடர்பை முடக்கும் கருவி) உடைத்து, துறைமுகத்தில் ரஷ்ய நீர்மூழ்கி ஒன்றைப் பிடித்து, அதன் ஏவுகணைகளையே ரஷ்யக் கடற்படை மேல் திருப்புகிறோம். ரஷ்யா பின்வாங்குகிறது. அதிபர் வோர்ஷெவ்ஸ்கி ஹாம்பர்கில் சமாதானம் பேசக் கிளம்ப, மகரோவ் விமானத்தோடு அவரைக் கடத்துகிறான். அக்டோபரில் ஐரோப்பிய நகரங்களில் ரசாயனத் தாக்குதல், அதன் பின்னாலேயே ரஷ்யப் படை.

‘நோ ரஷ்யன்’ மாதிரி ஒரு மிஷன் வைப்பதாக இருந்தால் ஒன்றை மட்டும் அப்படியே எடுத்துக்கொள்ளுங்கள்: தொடக்கத்திலேயே தவிர்க்க வழி கொடுக்கிறார்கள், தவிர்த்தால் ஆடுபவருக்கு எந்த இழப்பும் இல்லை.

---

சரக்குக்கணக்கு

தூரத்தையும் எடையையும் எடுத்துக்கொள்வோம்.

மாஸ்கோவிலிருந்து வாஷிங்டன் நேர்கோட்டில் சுமார் 7,800 கி.மீ. ரஷ்யாவின் முதன்மைப் படைவிமானம் இல்யூஷின்-76. பாராசூட் வீரர்கள் என்றால் 126 பேர். பிஎம்டி வகைக் கவசவண்டி என்றால் மூன்று. முழுச் சுமையோடு ஏறத்தாழ 4,000 கி.மீ. தான் பறக்கும். ஆட்களை மட்டும் ஏற்றினால் சுமை குறைவு, வடக்கே கோலா தீபகற்பத்திலிருந்து கிளம்பினால் ஒருவழியாக எட்டிவிடலாம். திரும்ப முடியாது. வண்டி ஏற்றினால் எட்டவே எட்டாது. சாதாரணப் போக்குவரத்து இல்யூஷின் வானில் எரிபொருள் நிரப்பிக்கொள்ளும்படி செய்யப்பட்டதும் இல்லை.

10,000 பேரை இறக்க ஆட்களுக்கு மட்டும் 80 விமானம் வேண்டும். ஒரு பட்டாலியனின் 30 பிஎம்டிக்கு இன்னும் பத்து. குண்டு, மருந்து, தண்ணீர் தனி. கேமில் புறநகர்த் தெருவில் உலவுவது பிடிஆர்-80. 13.6 டன், எட்டுச் சக்கரம். ரஷ்யாவின் வான்வழி இறங்கும் படைகள் பாராசூட்டில் இறக்கப் பழகிய வண்டி பிஎம்டிதான். பிடிஆர் வேண்டுமென்றால் ஓடுபாதையோ துறைமுகமோ முதலில் கைக்கு வரவேண்டும். அப்படி ஒரு மிஷன் அந்த வரிசையில் இல்லை. உங்கள் கேம்பெய்னில் அதுவே முதல் மிஷனாக இருக்கலாம்.

கடல் வழி: முர்மான்ஸ்கிலிருந்து நியூயார்க் 7,000 கி.மீ.க்கு மேல். படைக்கப்பல் வரிசை 15 நாட் வேகத்தில், அதாவது மணிக்கு 28 கி.மீ., வந்தால் பத்துப் பதினோரு நாள். நடுவே கிரீன்லாந்து, ஐஸ்லாந்து, பிரிட்டன் இடையிலான கடல்வாசலைத் தாண்ட வேண்டும். பனிப்போர் முழுக்க நேட்டோ ஒட்டுக்கேட்ட இடம் அது. ரோபுச்சா வகை இறங்குகப்பல் ஒன்றில் பத்து டாங்கிதான் அடங்கும்.

ஒப்பிட்டுப் பார்க்க: 1944 நார்மண்டியில் முதல் நாளில் இறங்கியவர்கள் சுமார் 1,56,000 பேர். நடுவே இருந்த ஆங்கிலக் கால்வாயின் அகலம் 160 கி.மீ. அளவுதான். அதற்கே ஓர் ஆண்டுக்கு மேல் தயாரிப்பு.

ஒரே ஒரு செயற்கைக்கோள் கருவியால் நோராட் குருடாவதும் ஒட்டவில்லை. செயற்கைக்கோள்களின் வேலை முக்கியமாக ஏவுகணையின் வெப்பத்தைப் பிடிப்பது. விமானத்தைப் பிடிப்பது தரை ராடார். அலாஸ்காவிலிருந்து கனடாவின் வடகரை நெடுக வரிசையாக நிற்கிறது. இது போதாதென்று வடஅட்லாண்டிக்கில் இரவும் பகலும் பயணிகள் விமானங்கள். எண்பது இல்யூஷின் கூட்டமாகப் போனால் யாராவது ஒரு விமானி ரேடியோவில் கேட்காமல் இருப்பாரா?

கண்ணைக் கட்டியே ஆகவேண்டும் என்றால் பேட்டில்ஃபீல்ட் 2042 கேமின் உத்தி மேல். அங்கே 2040-இல் விண்வெளிக் குப்பை மோதி செயற்கைக்கோள்களில் 70 சதவீதம் விழுந்துவிடுகிறது. எல்லா நாடும் ஒன்றாகக் குருடு. ஒரு தரப்பின் அசாத்தியத் திறமையை ஆடுபவர் நம்ப வேண்டிய அவசியமில்லை.

---

இரும்புக்குறி

இஎம்பி, அதாவது அணுகுண்டு வெடிக்கும்போது கிளம்பி மின்கருவியைக் கொல்ற மின்காந்தத் துடிப்பு, அதைப் பத்தி நான் சொல்றேன். பலரும் நினைக்கிறதைவிட அந்தக் காட்சியில சரியான விஷயம் நிறைய. தப்பானதும் பெருசா ஒண்ணு ரெண்டு இருக்கு.

நிஜ உதாரணம் 1962 ஜூலை 9. அமெரிக்கா ஜான்ஸ்டன் தீவுக்கு மேல 400 கி.மீ. உயரத்துல 1.4 மெகாடன் குண்டை வெடிச்சது, பேர் ஸ்டார்ஃபிஷ் ப்ரைம். 1,450 கி.மீ. தள்ளி ஹவாயில சுமார் 300 தெருவிளக்கு அணைஞ்சது, திருட்டு அலாரம் எல்லாம் கத்துச்சு. அதே வருஷம் அக்டோபர்ல சோவியத்தும் கஜகஸ்தான் மேல இதே வேலையைப் பண்ணுச்சு. அங்க தரைக்கடியில ஓடின நீளமான மின்கம்பி வரைக்கும் அடி வாங்குச்சு.

துடிப்புல மூணு கட்டம். முதல்ல வர்றது நானோநொடிக் கணக்கு, சில்லுகளைக் கொல்றது அதுதான். ரெண்டாவது மின்னல் மாதிரி, மின்னல் தடுப்பு இருக்கிற இடத்துல பெரிசா ஒண்ணும் ஆகாது. மூணாவது மெதுவானது, நிமிஷக்கணக்குல நீடிக்கும், நீளமான மின்தொடர்ல ஏறி டிரான்ஸ்ஃபார்மரைப் பொசுக்கும். அதனால ஊர் இருட்டாகிறது சரி. ‘செகண்ட் சன்’ மிஷன்ல துப்பாக்கியோட ரெட் டாட் (குறிபார்க்கிற சிவப்புப் புள்ளி) அணைஞ்சு, இரும்புக்குறியை வச்சுச் சுட வேண்டியதா போகுதே, நல்ல யோசனை. ஆனா கையளவுக் கருவியில நீளக் கம்பி இல்லாததால தப்பிக்கிற வாய்ப்பும் உண்டு. ராணுவ ஹெலிகாப்டரும் இதுக்குக் காப்பு போட்டுத்தான் வருது. எல்லாம் ஒண்ணா மழை மாதிரி விழுறது சினிமா. காரும் அப்படித்தான். அமெரிக்க இஎம்பி ஆணையம் 37 காரையும் 18 லாரியையும் சோதிச்சுப் பார்த்தது. ஓடிட்டிருந்த கார்ல மூணுதான் நின்னுச்சு, அதுவும் மறுபடி கிளப்பினா ஓடுற நிலைமை.

பெரிய தப்பு, அந்த வெடிப்போட அதிர்ச்சி அலையில விண்வெளி நிலையம் சிதறுற காட்சி. அது சுத்துறது கிட்டத்தட்ட 400 கி.மீ. உயரத்துல. அங்க காத்தே இல்ல, அப்புறம் அதிர்ச்சி அலை எதுல பரவும்? எக்ஸ்-கதிரும் கதிர்வீச்சும்தான் அடிக்கும். சத்தமில்லாம கருவியெல்லாம் செத்து ஆளும் நோயில விழுந்தா அதுவே பயங்கரம். காட்சிக்குத்தான் எடுப்பா இருக்காது.

இன்னொண்ணு பரப்பு. 400 கி.மீ. உயரத்துல வெடிச்சா அடிவானம் வரைக்கும், அதாவது சுத்துவட்டாரம் 2,200 கி.மீ.க்குப் பாயும். கனடாவுல பாதி சேர்ந்து இருட்டு. ஒரு வட்டாரத்தை மட்டும் அணைக்கணும்னா 30, 40 கி.மீ. உயரத்துல வெடிக்க வைங்க, வட்டம் 600–700 கி.மீ.க்குச் சுருங்கும். மிஷன் எழுதுறவருக்கு நல்ல பிடி: வட்டத்துக்கு வெளிய இருக்கிற படைக்கு ரேடியோ வேலை செய்யும், உள்ள இருக்கிறவனுக்கு ஓட்டமும் துண்டுச்சீட்டும்தான்.

---

வெட்டவெளி

பயனுள்ள பதில்கள். வான்வழி வேண்டாம், சரக்குக் கப்பலில் படையை ஒளித்துக் கொண்டுவருவதாக மாற்றலாமா? 2007-இன் வேர்ல்ட் இன் கான்ஃப்ளிக்ட் கேமில் சோவியத் படை சியாட்டிலுக்கு அப்படித்தான் வருகிறது. கன்டெய்னருக்குள் கவசவண்டி வைத்தால் யாருக்கும் தெரியாதே?

---

சரக்குக்கணக்கு

கப்பல் யோசனை சரி, கன்டெய்னர் சரிப்படாது. 40 அடி கன்டெய்னரின் உள் அகலம் 2.35 மீட்டர். பிடிஆர்-80-இன் அகலம் 2.9 மீட்டர், டி-72 டாங்கி மூன்றரை மீட்டருக்கு மேல். டாங்கி எடையிலும் இடிக்கும்: கன்டெய்னர் பெட்டியோடு சேர்த்து 30 டன் சொச்சம்தான் தாங்கும், டி-72 நாற்பதைத் தாண்டும். கன்டெய்னரில் ஆட்கள், மோர்ட்டார், தோள் ஏவுகணை, மோட்டார் சைக்கிள் வரலாம்.

கவசவண்டிக்கு ரோ-ரோ கப்பல் எடுங்கள், கார் ஏற்றுமதி செய்யும் வகை. பின்கதவு சாய்ந்தால் வண்டி தானே ஓடி இறங்கும், கிரேன் தேவையில்லை. ஆனால் கார் அடுக்குகள் எடை தாங்காது. கனரக வண்டி எல்லாம் பலப்படுத்திய ஓரிரு தளத்தில்தான் நிற்கும். ஆகவே ஒரு கப்பலில் நூற்றுக்கணக்கில் டாங்கி என்று எழுதாதீர்கள்.

ஆவணச் சிக்கலும் உண்டு, அதுதான் கதைக்குத் தீனி. அமெரிக்கத் துறைமுகத்துக்கு வரும் வெளிநாட்டுக் கப்பல் 96 மணி நேரம் முன்னதாகக் கடலோரக் காவல்படைக்குத் தகவல் தர வேண்டும்: எங்கிருந்து வருகிறது, என்ன சரக்கு, மாலுமிகள் யார் யார். சர்வதேசப் பயணம் போகும் 300 டன்னுக்கு மேற்பட்ட கப்பலில் ஏஐஎஸ் கருவி (கப்பலின் அடையாளத்தையும் இருப்பிடத்தையும் அறிவிப்பது) கட்டாயம். அதை அணைத்தால் உடனே சந்தேகம். ஆக அணைக்கக் கூடாது, பொய் சொல்ல வேண்டும். உண்மையான நிறுவனத்தின் உண்மையான கப்பல், வழக்கமாக வரும் தடம், இந்த முறை மட்டும் சரக்கு வேறு. நான்கு நாள் அவகாசம் இருப்பதால் துறைமுக அலுவலகத்தில் ஒரே ஒருவருக்குச் சந்தேகம் தட்டுவது முதல், கதவு சாய்வது வரை ஒரு முழு மிஷன் கிடைக்கிறது.

இப்படி வரும் படை ஒரு துறைமுகத்தைப் பிடிக்கலாம், சில நாள் வைத்திருக்கலாம். வாஷிங்டனைப் பிடித்து வைத்திருக்க முடியாது. போரின் நோக்கத்தை அதற்கேற்பச் சுருக்குங்கள்.

---

மூன்றாம்சாவி

அணுகுண்டு பற்றி. அந்த வரிசையில் அணு ஆயுதம் இல்லாமலில்லை; முதல் பாகத்தில் வெடிக்கும் ஒன்று, இரண்டாம் பாகத்தில் ப்ரைஸ் பெட்ரோபாவ்லோவ்ஸ்க் தளத்தில் நீர்மூழ்கிக்குள் புகுந்து ஏவும் ஒன்று. இரண்டுமே தனி ஆள் அல்லது சிறு கும்பலின் செயல். அரசுக்கு அரசு ஏவுவது மட்டும் நடப்பதில்லை. காரணம் எளிது: அப்படி நடந்தால் காலாட்படைக்கு வேலையில்லை, சுடும் கேமும் இல்லை.

நம்பும்படி எழுத இரண்டு வழி. முதலாவது, போரைச் சிறிதாக்குவது. இரு தரப்பும் உயிர்நாடியான எதையும் இழக்காதவரை பொத்தான் பக்கம் போக மாட்டார்கள். தலைநகரில் எதிரிப் படை நிற்கும்போது இந்த வாதம் நொறுங்குகிறது, மாடர்ன் வார்ஃபேர் 2 நொறுங்குவதும் அங்கேதான். இரண்டாவது, கட்டளைச் சங்கிலியை அறுப்பது. ரஷ்யாவில் செகெட் என்ற பெட்டி மூவரிடம் உண்டு: அதிபர், பாதுகாப்பு அமைச்சர், தலைமைத் தளபதி. அதில் ஏவுகணை கிளப்பும் பொத்தான் இல்லை. அனுமதியை ராணுவத் தலைமைப் பணியகத்துக்கு அனுப்பும் கருவி அது. மூன்றாம் பாகத்தில் அதிபரைக் கடத்திக் குறியீட்டைப் பிடுங்கினால் எல்லாம் கைக்கு வந்துவிடும் என்பதுபோல வைத்திருக்கிறார்கள். மற்ற இருவரும் பணியகமும் என்ன செய்துகொண்டிருந்தார்கள்? உங்கள் கதையில் மூவரில் ஒருவர் ஒத்துழைக்க மறுப்பதாக வைத்தால் அணு அமைதிக்குக் காரணம் கிடைக்கும், அரசியலும் கிடைக்கும்.

நிஜத்தில் அந்தப் பெட்டி திறந்த நாள் ஒன்று உண்டு. 1995 ஜனவரி 25, நார்வே கரையிலிருந்து துருவ ஒளியை ஆராயக் கிளம்பிய ராக்கெட்டை ரஷ்ய ராடார் ஏவுகணையோ என்று எண்ணியது. தகவல் யெல்ட்சினின் பெட்டி வரை போய், சில நிமிடத்தில் அடங்கியது. நார்வே முன்கூட்டியே அறிவித்திருந்தும் அந்த அறிவிப்பு ராடார் நிலையத்துக்குப் போய்ச் சேரவில்லை. போர் மூளும் காரணமாக இதை வைத்தால் விமான நிலையப் படுகொலையை விட எனக்கு அதிகம் உறுத்தும்.

இன்னொரு பெரிய ஓட்டை: நேட்டோ ஒப்பந்தத்தின் 5ஆம் பிரிவு, அதாவது ஓர் உறுப்பு நாட்டின் மீதான தாக்குதல் எல்லார் மீதுமான தாக்குதல். வர்ஜீனியாவில் ரஷ்யப் படை இறங்கிய அன்றே ஐரோப்பா போருக்குள் வந்திருக்க வேண்டும். கேமில் ஐரோப்பா அக்டோபர் வரை ஓய்வாக இருக்கிறது. தப்பிக்க 6ஆம் பிரிவு உதவும்: ஒப்பந்தம் காக்கும் பரப்பு ஐரோப்பா, வட அமெரிக்கா, கடகரேகைக்கு வடக்கே உள்ள அட்லாண்டிக் தீவுகள். ஹவாய் அதில் வராது. உங்கள் முதல் தாக்குதல் பசிபிக் தீவு ஒன்றில் நடந்தால் நேட்டோ நாடுகள் வாரக்கணக்கில் விவாதித்துக்கொண்டிருப்பது இயல்பாகிவிடும்.

---

தீவுக்காரன்

ஆர்மா பக்கம் மட்டும் சொல்கிறேன். அல்டிஸ் வரைபடம் சுமார் 270 சதுர கி.மீ. ஓர் உலகப்போர் அதில் அடங்காது, ஒரு பட்டாலியன் சண்டை தாராளமாக அடங்கும். 2001-இல் வந்த ஆபரேஷன் ஃப்ளாஷ்பாயின்ட் இதே சிக்கலை எவரான், மால்டன் என்ற கற்பனைத் தீவுகளால் தீர்த்தது: வருடம் 1985, ஒரு சோவியத் ஜெனரல் மாஸ்கோ சொல் கேட்காமல் தீவைப் பிடிக்கிறார். உலகப்போர் வந்துவிடக் கூடாதே என்பதுதான் முழுக் கதையின் பதற்றம். மேலே மூன்றாம்சாவி சொன்ன பசிபிக் தீவுக்கு இது பொருந்தும்.

ரஷ்யப் பாராசூட் படைக்கும் அமெரிக்கப் படைக்கும் ஆர்எச்எஸ் மோட் (ரசிகர்கள் செய்த கூடுதல் தொகுப்பு) போதும், பிஎம்டியும் பிடிஆர்-80-ம் அதிலேயே உண்டு. ஒரே நேரத்தில் கணினி இயக்கும் வீரர்களை (ஏஐ) நூறு சொச்சத்துக்கு மேல் ஓடவிட்டால் ஃப்ரேம் விழுந்து படம் திணறத் தொடங்கும். ஆர்மாவின் மிஷன் எடிட்டரான ஏடனில் டைனமிக் சிமுலேஷனை இயக்கி, தொலைவில் உள்ள குழுக்களை உறங்க வையுங்கள். அதில் ஒரு பொறி: உறங்கும் குழு நகராது. ‘பத்து நிமிடம் கழித்து வடக்கிலிருந்து உதவிப்படை வரும்’ என்று வேபாயின்ட் (போக வேண்டிய இடத்தின் குறி) போட்டுவிட்டுக் காத்திருந்தால் யாரும் வர மாட்டார்கள். உதவிப்படைக்கு மட்டும் அதை அணைத்துவிடுங்கள், அல்லது டிரிகரில் (நிபந்தனை நிறைவேறியதும் தானே இயங்கும் கட்டளை) புதிதாக உருவாக்குங்கள்.

இஎம்பி மிஷனுக்கு: டிரிகர் விழுந்ததும் வட்டத்துக்குள் உள்ள விளக்குகளுக்கு சேதம் 0.97 கொடுங்கள், அணைந்துவிடும். ஆடுபவரின் ஜிபிஎஸ், ரேடியோ, இரவுக்கண்ணாடி மூன்றையும் ஸ்கிரிப்டில் எடுத்துவிடுங்கள். வரைபடத்தையும் திசைகாட்டியையும் விட்டுவையுங்கள். துப்பாக்கியின் ஆப்டிக்கைப் பிடுங்குவது மட்டும் மல்டிபிளேயரில் தகராறு செய்யும். ஸ்கிரிப்ட் ஒவ்வொருவர் கணினியிலும் தனித்தனியே ஓட வேண்டும், சர்வரில் மட்டும் ஓடவிட்டால் பாதிப் பேருக்கு ஸ்கோப் அப்படியே இருக்கும்.